தாதா வீட்டுப் புல்லுக்கு மாமா போட்ட உரம்

எங்கள் ஊரில் புல் என்றால் மாடு தின்பது. அதை நர்சரியில் சொல்லிவைத்து, கைவண்டியில் வரவழைத்து, மாடே இல்லாத வீட்டின் முன்னால் விரித்து, தண்ணீர் விட்டு வளர்ப்பார்கள் என்பது எட்டு வயதில் செம்பூரில்தான் எனக்குத் தெரிந்தது.

அப்போது நாங்கள் ஒரு சிந்திக்காரருடைய பங்களாவின் மாடியில் குடியிருந்தோம். அதற்கு முன்னால் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒற்றை அறை. சமைப்பது, படுப்பது, விருந்தாளி வந்தால் உட்காரவைப்பது எல்லாம் அதற்குள்தான். செம்பூர் மாடியில் இரண்டு அறையும் ஒரு வராந்தாவும், உள்ளேயே ஒரு குழாயும் இருந்தன. அந்தக் குழாயை அம்மா தினமும் புளி போட்டுத் துலக்குவாள். அப்பா மாட்டுங்கா ரயில்வே பட்டறைக்கு இரண்டு ரயில் மாறிப் போய்வர வேண்டியிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. முணுமுணுத்தால் அம்மா குழாயைக் காட்டிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்காரரை எல்லோரும் தாதா என்பார்கள். சிந்தியில் அண்ணன் என்று அர்த்தமாம். எனக்கு அது தாத்தா என்றே காதில் விழுந்தது. நரைத்த மீசைக்கும் கைத்தடிக்கும் பொருத்தமாகவும் இருந்தது. ஆகவே நான் தாத்தா என்று கூப்பிட்டேன். இந்த மதராஸிப் பெண் நம்மை அண்ணன் என்கிறதே என்று அவர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, ஒவ்வொரு முறையும் புன்னகைப்பார். அவரும் திருத்தவில்லை, நானும் திருந்தவில்லை.

தாதாவுக்கு மனைவி இல்லை. ஒரே ஒரு மகள். அவளை நான் தீதி, அதாவது இந்தியில் அக்கா, என்று கூப்பிடுவேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. விடிவதற்குள் போய்விட்டு, பிற்பகலில் கைப்பையைத் தலைக்கு மேல் வெயிலுக்காகப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவாள். நாள் முழுக்க யார் யாருக்கோ இணைப்புக் கொடுத்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேசமாட்டாள்.

எங்கள் வீட்டில் நான்காவது ஆள் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. செம்பூரைத் தாண்டி அப்போதுதான் புதிதாக ஓர் உரத் தொழிற்சாலை வந்திருந்தது. அதில் மூட்டை பிடிக்கும் பகுதியில் அவருக்கு வேலை கிடைத்து, ஊரிலிருந்து வந்து எங்கள் வராந்தாவில் படுத்துக்கொண்டார். ஷிப்ட் முடிந்து வந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து தண்ணீர் கேட்பார். பானை அவருடைய முழங்கைக்கு அருகில் இருக்கும். அம்மா, "ஏலே, கைய நீட்டுனா எட்டுமே" என்பாள். "நீட்டணும்லா யக்கா" என்பார் மாமா.

பங்குனி கடைசியில் தாதா வீட்டு முன்னால் புல் வந்து இறங்கியது. கராச்சியில் அவர்கள் வீட்டு வாசலில் புல்தரை இருந்ததாம். பதினைந்து வருஷத்துக்கு மேல் மனதில் வைத்திருந்து, அந்த வருஷம்தான் கை கூடியது. மைசூர்பாகு வில்லை போட்டதுபோலச் சதுரம் சதுரமாக, அடியில் மண்ணோடு, ஈரச் சாக்கு போர்த்தி வந்தது புல். நர்சரி ஆட்கள் அதை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, கட்டையால் தட்டிவிட்டுப் போனார்கள். வேர் பிடிக்கும்வரை ஒருவரும் மிதிக்கக் கூடாது என்று தாதா உத்தரவு போட்டார். நான் அதன் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, வேர் பிடிக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பெரியவர்கள் பிடிக்கிறது என்று சொல்லிக்கொள்வது எதையும் கண்ணால் பார்க்க முடிவதில்லை என்று எனக்குக் குறையாக இருந்தது.

பம்பாய் வெயில் அந்தச் சித்திரையில் சீக்கிரமே ஏறிவிட்டது. புல் நுனி பழுக்கத் தொடங்கியது. சதுரங்களுக்கு இடையில் இருந்த கோடுகள் மறையாமல், தரை முழுக்கப் பாண்டிக் கட்டம் போட்டதுபோல் தெரிந்தது. தாதா மாலைதோறும் கைத்தடியோடு அதைச் சுற்றி வந்தார்.

ஒரு நாள் மாலையில் மாமா வராந்தாவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாதா மட்டும் இல்லை, அன்று தீதியும் கூட நடந்துகொண்டிருந்தாள். மாமா எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். கூப்பிடாமல் அவர் எழுந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

கீழே அவர் தாதாவிடம் பேசிய இந்தி இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. "புல்கூ காணா நஹீ ஹை. ஹம் காணா தேகா" என்றார். புல்லுக்குச் சாப்பாடு இல்லை, நான் கொடுக்கிறேன் என்று அர்த்தம். தாதா தலையாட்டினார். தீதி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு இருமல் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் மாமா ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு வீட்டுச் செடிக்கென்று கொஞ்சம் கொடுத்தார்களாம். பிரித்தால், ஜவ்வரிசி போல வெள்ளை வெளேரென்று உருண்டை உருண்டையாக இருந்தது.

"ஏட்டி, இது என்னன்னு தெரியுமா? யூரியா. ஒரு பிடி போட்டா கட்டாந்தரையும் பச்சையாயிரும்" என்றார் மாமா.

"எதுல செய்வாங்க மாமா?"

"காத்துல."

அவர் என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது உண்மை என்று பள்ளியில் படிக்க எனக்கு இன்னும் ஆறேழு வருஷம் இருந்தது. அப்போதைக்கு அவர் திரும்பிய சமயம் பார்த்து ஓர் உருண்டையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதலில் சில்லென்று இருந்தது. பிறகு வாய் கொள்ளாத கசப்பு. துப்பிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல் நின்றேன்.

மாமா ஒரு வாளித் தண்ணீரில் யூரியாவைக் கொட்டிக் குச்சியால் கலக்கினார். நான் வாளியைத் தொட்டேன். தொட்ட கையை எடுக்க மனம் வரவில்லை. அந்த வெயிலில், மண்பானையில் இரவெல்லாம் இருந்த தண்ணீர்கூட அப்படிக் குளிர்ந்ததில்லை. வெளியில் நின்ற வாளி, வெயிலில் நின்ற தண்ணீர், ஐஸ் எதுவும் போடாமல் எப்படிக் குளிரும்? மாமாவைக் கேட்டேன். மூட்டை பிடிப்பவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"அது அப்படித்தான்" என்றார்.

நான் தீதியைக் கூட்டிவந்தேன். அவளும் வாளிக்குள் கைவிட்டாள். "அரே, தண்டா" என்றாள். மாமாவும், அப்போதுதான் சந்தேகம் வந்தவர்போல், தானும் உள்ளே கைவிட்டுப் பார்த்தார். மூன்று கைகள் உள்ளே இருந்தன. எனக்குக் கை விறைக்கத் தொடங்கியதும் எடுத்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் இன்னும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்குக் குளிர் மெதுவாகத்தான் ஏறும் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

அந்தத் தண்ணீரை மாமா பூவாளியில் மாற்றி மாற்றித் தெளித்தார். மறுபடி வெறும் தண்ணீரும் தெளித்தார். வாரக் கடைசிக்குள் புல் நிமிர்ந்துவிட்டது. கோடுகள் மங்கின. தாதா மாமாவின் முதுகில் தட்டி ஷாபாஷ் என்றார். அப்பாவுக்குப் பட்டறையில் இத்தனை வருஷத்தில் கிடைக்காத ஷாபாஷ்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமாவுக்கு அந்த ஷாபாஷ் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்த வாரம் அவருக்குக் காலை ஷிப்ட். நடுப்பகலுக்குப் பிறகு தீதி திரும்பும் நேரத்துக்கு அவரும் திரும்பிவிட்டார். அன்று கையில் இருந்தது பெரிய பொட்டலம். கரைப்பதற்குக் குழாயில் தண்ணீர் இல்லை. முனிசிபல் தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும். கொல்லையில் கிணறு இருந்தது. ஆனால் இறைக்க வேண்டும், மாமாவுக்குக் கை நீட்டுவதே கஷ்டம். ஆகவே நெல் விதைப்பதுபோல் கையால் வீசிவிடலாம் என்று முடிவு செய்தார். அதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. வாளியில் கலக்குகிறவனைவிட வீசி விதைக்கிறவன் பார்க்க நன்றாக இருப்பான். தீதி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள்.

போதாதற்கு, சற்று முன்புதான் அவள் தன் பங்குக்கு மிச்சமிருந்த ஒரு பூவாளித் தண்ணீரைப் புல்மேல் தெளித்திருந்தாள். இலை முழுக்க ஈரம். மாமா வீசிய யூரியா அந்த ஈரத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. மண்ணுக்கு இறங்கவில்லை. மேலே வெயில் கொளுத்தியது.

மாமா நடந்தார், வீசினார், நடந்தார். ஜன்னலுக்கு எதிரே வந்ததும் நின்று வீசினார்.

இரண்டொரு நாளில் புல்லில் பழுப்பு நிறத்தில் பிறைகள் தெரிந்தன. மாமாவின் கை எங்கெல்லாம் வீசியதோ அங்கெல்லாம் ஒவ்வொரு பிறை. பிறையின் விளிம்பில் மட்டும், உரம் குறைவாக விழுந்த இடத்தில், கரும்பச்சை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஒரே உரம் எப்படி ஒரு பக்கம் கருக்கி, அதை ஒட்டி வளர்க்கிறது என்று ஓரத்தில் குந்தி ஆராய்ந்தேன். தீதியின் ஜன்னலுக்கு நேர் எதிரே மட்டும் பிறை எதுவும் இல்லை. அங்கே முழுக்கக் கருகியிருந்தது. அந்த இடத்தில் மண் சரியில்லை என்றார் மாமா.

தாதா அன்று மாலை வழக்கம்போல் சுற்றி வந்தார். ஒரு கருகிய கொத்தைக் கைத்தடி முனையால் தொட்டார். அது பொடிந்தது. உள்ளே போய்விட்டார்.

மாடியில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "அவரு ஒரு வார்த்தை திட்டிருந்தா தேவலைலா. வாயே திறக்கலன்னா என்ன அர்த்தம்? வீட்ட காலி பண்ணுன்னுதான் நாளைக்குச் சொல்லப் போறாரு" என்றாள் அப்பாவிடம். பிறகு குழாயைப் பார்த்தாள். அடுத்து அம்மா மாமாவிடம் திரும்பினாள்.

"ஏலே, நீ என்ன செய்வியோ ஏது செய்வியோ, அந்தப் புல்லு பிழைக்கணும். இல்ல, நீ ஊருக்கு ரயிலேறு."

மாமா தொழிற்சாலையில் யாரிடமோ விசாரித்து வந்தார். போட்ட உரத்தைத் தண்ணீர் விட்டுத்தான் கழுவி இறக்க வேண்டுமாம். நிறையத் தண்ணீர், தினமும்.

கை நீட்டிப் பானையைத் தொடாத மாமா அன்றிலிருந்து கிணற்றில் இறைத்தார். வாளி வாளியாகக் கொல்லையிலிருந்து வாசலுக்குச் சுமந்தார். பனியன் முதுகோடு ஒட்டியது. உள்ளங்கை தோல் உரிந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். தீதி தன்னுடைய பூவாளிதான் முதல் குற்றம் என்று தாதாவிடம் சொல்லி, தானும் ஒரு வாளி எடுத்துக்கொண்டாள். அவள் இறைக்க இவர் சுமக்க, இவர் இறைக்க அவள் சுமக்க, நான் நடுவில் நின்று சிந்தின தண்ணீரில் கால் நனைத்தேன்.

மாமாவுக்கு ஷிப்ட் மாறும்போதெல்லாம் புல்லுக்குத் தண்ணீர் விடும் நேரமும் மாறியது. தீதிக்கு ஷிப்ட் மாறினாலும் மாறியது. புல்லுக்கு இவ்வளவு நேரக் கணக்கு உண்டு என்று நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் விடும்போது மாமா தீதிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். வாளி, கயிறு, கிணறு, புல். தீதி எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள், கிணறு மட்டும் வராது. அதை மாமா நாள்தோறும் திருப்பிச் சொல்லிக்கொடுத்தார். மற்ற வார்த்தைகளுக்குப் போக அவருக்கு அவசரமே இல்லை.

அம்மாவுக்குப் பெருமை. பக்கத்துப் பங்களா மாடியில் இருந்த பாலக்காட்டு மாமியிடம், "எங்க தம்பி இப்ப ஆளே மாறிட்டான், பொறுப்பு வந்துட்டு" என்று சொன்னாள். அந்த மாமி, "ஆமாமா, பாத்துண்டுதான் இருக்கேன்" என்றாள். அவள் குரலில் இருந்தது என்னவென்று எனக்கும் புரியவில்லை, அம்மாவுக்கும் புரியவில்லை.

வைகாசியில் பிறைகளுக்கு நடுவே ஊசி ஊசியாகப் புல் முளைத்தது. முதலில் பார்த்தது நான்தான். கத்திக்கொண்டு ஓடிச் சொன்னேன். மாமா வந்து குனிந்து பார்த்தார். முளைகளில் ஒன்றை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"வேர் பிடிச்சுட்டு" என்று தீதியிடம் தமிழிலேயே சொன்னார். "இனி பிடுங்கினாலும் வராது."

தீதிக்குப் புரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனாள். நல்ல செய்தி சொன்னால் யாராவது அப்படிப் போவார்களா என்று நான் நினைத்தேன்.

பிறகு மழை வந்தது. பம்பாய் மழை முன்னறிவிப்போடு வராது. பள்ளி விட்டு முழங்கால்வரை நனைந்து வந்தேன். கேட்டுக்குள் நுழைந்தால், மாமா புல்தரையில் நின்று பூவாளியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தீதி அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். வானம் கொட்டிக்கொண்டிருந்தது.

நான் நின்று பார்த்தேன். மழைத் தண்ணீரில் இல்லாத ஏதோ ஒன்று கிணற்றுத் தண்ணீரில் இருக்க வேண்டும். அது என்னவென்று யாரையாவது கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது. சாப்பிடும்போது அப்பாவைக் கேட்டேன்.

"அப்பா, மழை பெய்யும்போதும் புல்லுக்குத் தண்ணி விடணுமா? மாமா விடுதாங்க. தீதி குடை பிடிக்கா."

அப்பாவின் கை குழம்புச் சோற்றில் நின்றது. அம்மா கரண்டியோடு அப்படியே இருந்தாள். மாமா அன்று இரவு ஷிப்ட்டுக்குப் போயிருந்தார்.

"ஒரு குடையா?" என்று கேட்டாள் அம்மா.

"ஒரு குடைதான். அவங்ககிட்ட வேற குடை இல்லபோல" என்றேன்.

அதற்குப் பிறகு வீட்டில் என்னென்னவோ நடந்தது. என்னை உள் அறைக்குப் போகச் சொல்லிவிட்டு, வராந்தாவில் அம்மாவும் மாமாவும் பேசினார்கள். "அவ பேசுறது நமக்கு விளங்குமாலே?" என்றாள் அம்மா. "எனக்கு விளங்குது" என்றார் மாமா. அவ்வளவு நேரான பதிலை அவர் அக்காவிடம் அதுவரை சொன்னதில்லை. பிறகு அம்மா அழும் சத்தம் கேட்டது. பாவம், அவளுக்கு இந்தி அவ்வளவாக வராது. அதற்காக அழ வேண்டுமா என்று இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை தாதா மாடி ஏறி வந்தார். அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் முறை. கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா வீட்டில் இல்லை. அம்மா டீ வைத்துவிட்டு வாசல்படியில் நின்றாள். நான் கதவோரம் நின்றேன். புல்லைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார், வீட்டைக் காலி செய்யச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தாதா இந்தியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். நடந்தது நடந்துவிட்டது, இப்போது என்ன செய்வது என்றார்.

அப்பா தன் பட்டறை இந்தியில், பையனுக்கு விவரம் பத்தாது, அவசரப்பட்டுவிட்டான் என்றார்.

அவன் மட்டும் இல்லை, என் மகளும்தான் என்றார் தாதா.

நியாயமான மனிதர் என்று நினைத்தேன். பூவாளியை அவர் மறக்கவில்லை.

எவ்வளவு நாளாக என்று அப்பா கேட்டார். சித்திரையிலிருந்தே இருக்கும், நான்தான் கவனிக்கவில்லை, வயதாகிவிட்டது என்றார் தாதா. அதைச் சொல்லும்போது கைத்தடியைப் பிடித்திருந்த விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்தன.

அப்போது அம்மா முதல் முறையாக வாய் திறந்தாள். தமிழில்தான். "முளையிலேயே கிள்ளிருக்கணும். நான்தான் கண்ணிருந்தும் குருடி ஆயிட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. கிள்ளுவதா? அத்தனை நாள் கிணற்றில் இறைத்து, தோல் உரிந்து, இப்போதுதான் பச்சை வருகிறது.

"கிள்ளக் கூடாதும்மா" என்றேன். "வேர் பிடிச்சுட்டு. இனி பிடுங்கினாலும் வராதுன்னு மாமா தீதிகிட்ட சொன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

தாதாவுக்குத் தமிழ் புரியாதே என்று, அதையே பள்ளிக்கூட இந்தியில் அவரிடமும் ஒரு முறை தெளிவாகச் சொன்னேன்.

தாதா என்னைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். அந்தக் கை கனமாக இருந்தது. "வேர் பிடித்துவிட்டதா, மகளே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியால் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. டீயைக் குடிக்காமலே எழுந்து, படிகளில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிப் போனார்.

புல் பிழைத்துவிட்டது என்று நான் சாட்சி சொல்லியும் அவர் சந்தோஷப்படாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் நான் பல வருஷம் கழித்துத் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாமாவும் தீதியும் பாந்திராவில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு குர்லாவில் ஓர் அறை எடுத்துப் போனார்கள். தாதா எங்களைக் காலி செய்யச் சொல்லவே இல்லை. அம்மாவும் அவரும் அந்த மழைக்காலம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், ஒரே வீட்டில் துக்கம் நடந்தவர்கள்போல. அடுத்த வருஷம் ஊரில் அம்மாவின் அப்பா படுக்கையில் விழுந்தபோது, எக்ஸ்சேஞ்சிலிருந்து ஊர் தபாலாபீசுக்கு டிரங்க் கால் போட்டு, தாதா வீட்டு டெலிபோனில் இணைத்துக் கொடுத்தது தீதிதான். "மதினி, பேசுங்க" என்று தமிழில் சொன்னாளாம். அம்மா ஊரில் இருந்தவர்களிடம் பேசிவிட்டு, போனை வைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் இருந்தவளும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அதிலிருந்து குர்லாவுக்கும் செம்பூருக்கும் போக்குவரத்து தொடங்கியது. நானும் தீதியை அத்தை என்று கூப்பிடப் பழகினேன்.

இன்னொன்றும் மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. பாந்திராவில் மாமா பக்கத்துச் சாட்சியாக நின்றவர் அப்பா. அம்மாவிடம் அதை அவர் சொல்ல நெடுங்காலம் ஆயிற்று.

ஆனால் அவர்கள் போன அந்தக் காலையில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எழுந்தபோது வராந்தாவில் மாமாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. டிரங்குப் பெட்டி இருந்த இடத்தில் பெட்டி இல்லை. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எப்போதையும்விட முன்னதாகவே பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பள்ளிக்குக் கிளம்பு என்று யாரும் சொல்லவில்லை. நான் கீழே இறங்கினேன்.

இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கேட்டிலிருந்து படிவரை ஒரு பிறை பாக்கியில்லை, ஒரு கோடு பாக்கியில்லை. தீதியின் ஜன்னலுக்கு எதிரே இருந்த கருகல்கூட மூடிப்போய், மற்ற எல்லா இடத்தையும்விட அங்கேதான் புல் உயரமாக, கரும்பச்சையாக, நீர் சொட்ட நின்றது. அவ்வளவு பச்சையை நான் அதற்கு முன் பம்பாயில் பார்த்ததில்லை.

மாடிக்கு ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன். "பாத்தேன் தாயி" என்று சொல்லிவிட்டு, பார்க்காமலே போனார். தாதாவின் கதவைத் தட்டினேன். உள்ளே அவருடைய இருமல் கேட்டது. கதவு திறக்கவில்லை. தீதியின் ஜன்னலுக்குக் கீழே நின்று எக்கி எக்கிக் கூப்பிட்டேன்.

ஒருவரும் வரவில்லை. இத்தனை நாள் மாய்ந்து மாய்ந்து தண்ணீர் சுமந்துவிட்டு, புல் இப்படி ஆகிற நாளைப் பார்த்து எங்கே போய்த் தொலைந்தாரோ என்று மாமாவின்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.